யானை மாலையிட்ட பெண்: ராஜா ராணிக் கதை மீதான குற்றச்சாட்டுக்கு ஒரு மறுப்பு

பழைய தேவதைக் கதை ஒன்றை எடுத்து, அதன் மாந்தரையும் நிகழ்ச்சிகளையும் இக்கால வாழ்க்கைக்குள் கொண்டுவந்து, சிரிக்கச் சிரிக்கச் சொல்லிச் செல்லும் நாவலை இலக்கியமாகக் கொள்ள இயலாது என்பது தமிழ் வாசிப்புலகில் வேரூன்றிப்போன கருத்து. ஏட்டில் தேவதைக் கதை என்று எழுதப்படுவதும் வீட்டில் ராஜா ராணிக் கதை என்று சொல்லப்படுவதும் ஏறக்குறைய ஒன்றே. பெயர் தெரியாத ஒரு நாடு, வாரிசில்லாமல் இறந்த ஓர் அரசன், கொடுமைக்காரச் சிற்றன்னை, நிறைவேற்ற முடியாத ஒரு நிபந்தனை, கடைசியில் ஒரு திருமணம் என்று நடக்கும் அக்கதைகள் குழந்தைகளைத் தூங்க வைப்பதற்கு உரியவை என்றும், வளர்ந்தவர்களுக்கான நாவல் அவற்றைத் துறந்த இடத்தில்தான் தொடங்குகிறது என்றும் அக்கருத்தினர் சொல்வர். மலேசியத் தமிழரிடையே இதற்கு மேலும் ஒரு வலு சேர்ந்திருக்கிறது. ரப்பர்த் தோட்டத்து வறுமையும் சயாம் மரண ரயில் பாதையில் மடிந்தவர்களின் நினைவும் இன்னும் எழுதித் தீராத ஒரு சமுதாயத்தில், பறக்கும் குதிரையையும் கடலுக்கடியில் உள்ள அரண்மனையையும் வைத்து விளையாட்டாக எழுதுவது பொறுப்பற்ற செயல் என்று இங்கே கருதப்படுகிறது. இக்கருத்து தமிழ் நாவலின் வரலாற்றுக்கு முரணானது; கதை என்பது எவ்வாறு வேலை செய்கிறது என்பதைக் கவனியாதது; ஜொகூர் மண்ணில் வாழும் தமிழ் எழுத்தாளருக்கு அவர் காலடியிலேயே கிடக்கும் ஒரு செல்வத்தை மறைத்துவிடுவது.

முதலில் வரலாற்றைப் பார்க்கலாம். தமிழின் முதல் நாவல் என்று பொதுவாக ஒப்புக்கொள்ளப்படும் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879-இல் அச்சாயிற்று. அதை எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை பொழுதுபோகாமல் கதை கட்டியவர் அல்லர், மாவட்ட முன்சீப்பாக, அதாவது உரிமையியல் வழக்குகளை விசாரிக்கும் நீதிபதியாகப் பல்லாண்டு பணியாற்றியவர், நீதிமன்றத் தீர்ப்புகளைத் திரட்டித் தமிழில் ‘சித்தாந்த சங்கிரகம்’ என்று வெளியிட்டவர், ‘நீதிநூல்’ பாடியவர், பெண் கல்விக்காகப் ‘பெண்மதி மாலை’ இயற்றியவர். இத்தகைய ஒருவர் தமிழில் முதன்முதலாக உரைநடையில் ஒரு பெருங்கதை எழுத அமர்ந்தபோது எடுத்துக்கொண்ட வடிவம் எது என்பது சிந்திக்கத்தக்கது. துணுக்குகள், வேடிக்கை வழக்குகள், மாறுவேடங்கள், பாட்டி சொல்லும் கதைகள் ஆகியவற்றை அவர் மாலையாகத் தொடுத்தார். இதைக் குறையாகச் சொல்வதே பிற்காலத் திறனாய்வின் வழக்கமாகிவிட்டது. கட்டுக்கோப்பு இல்லை, கிளைக்கதை மிகுதி, நடப்பியல் இல்லை, ஆகவே இது நாவலுக்கு முந்தைய ஏதோ ஒன்று என்று கூறி, ‘விவேக சிந்தாமணி’ இதழில் தொடராக வந்து 1896-இல் நூலான ராஜமையரின் ‘கமலாம்பாள் சரித்திர’த்திலிருந்தே உண்மையான நாவலின் கணக்கைத் தொடங்குவோர் பலர். ‘கமலாம்பாள்’ பெரிய படைப்பு என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்நூலை வாசித்தவர்கள் இன்றும் வாஞ்சையோடு நினைவில் வைத்திருப்பது ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை என்ற தமிழ்ப் பண்டிதரையும் அவரைச் சுற்றி எழும் சிரிப்பையும்தான் என்பதைத் திறனாய்வு கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

வேதநாயகம் பிள்ளையின் நாவலில் குறைசொல்வோர் முதலில் சுட்டும் பகுதியையே இங்கு எடுத்துக்கொள்வது நேர்மையானது. கணவனைப் பிரிந்த ஞானாம்பாள் ஆண் வேடம் பூண்டு அவனைத் தேடி அலைகையில் விக்கிரமபுரி என்ற ஊரை அடைகிறாள். அங்கே அரசன் இறந்துவிட்டான்; அடுத்த அரசனைத் தேர்ந்தெடுக்கப் பட்டத்து யானையின் துதிக்கையில் மாலையைக் கொடுத்து அனுப்புகிறார்கள்; யானை அந்த மாலையை ஞானாம்பாளின் கழுத்தில் போடுகிறது; அவள் அரசனாக முடிசூடி நாட்டை ஆள்கிறாள். இது கலப்பற்ற ராஜா ராணிக் கதை. கழுமலத்து யானை கரிகாலனைத் தேடிக் கண்டு எடுத்துவந்தது என்ற பழங்கதையும், மதுரையில் மூர்த்தி நாயனாரை யானை சுமந்துவந்து அரியணைக்கு உரியவராக்கிய பெரியபுராண வரலாறும் தமிழர் அறிந்தவையே. 1879-இல் அந்த நாவலை வாசித்த ஒருவருக்கு யானை மாலையிடும் நிகழ்ச்சியை நம்புவதில் எந்தத் தடையும் இருந்திராது, ஏனெனில் அதை அவர் பிள்ளைப் பருவம் முதல் நம்பிப் பழகியவர்.

அந்தப் பழக்கத்தைத்தான் ஆசிரியர் பயன்படுத்திக்கொள்கிறார். பழைய கதையில் யானையின் தேர்வு விதியின் தீர்ப்பு. அது யாரைத் தூக்கினாலும் ஊர் ஏற்றுக்கொள்ளும். வேதநாயகம் பிள்ளை அந்தக் கதையில் வேறெதையும் மாற்றாமல், மாலை விழும் கழுத்தை மட்டும் ஒரு பெண்ணின் கழுத்தாக மாற்றினார். யானையை ஒப்புக்கொண்ட வாசகர், தாம் அறியாமலே, ஒரு பெண் அரசாளுவதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறார். அவள் நன்றாகவும் ஆள்கிறாள் என்பதைப் பக்கம் பக்கமாகப் பார்த்த பிறகு, பின்வாங்க அவருக்கு வழியில்லை. பெண்ணுக்கு எழுத்தறிவு தேவையா என்பதே வழக்காடப்பட்ட காலம் அது. விக்டோரியா அரசி 1877 முதல் இந்தியாவின் பேரரசி என்ற பட்டத்தையும் தாங்கியிருந்தார். ஆனால் அவருடைய ஆட்சியின்கீழ் வாழ்ந்த ஒரு தமிழ்ப் பெண் கச்சேரியில் ஓர் எழுத்தராகக்கூட அமர முடியாது. தஞ்சை மாவட்டத்து வாழ்க்கையை உள்ளது உள்ளபடி எழுதுவதே நாவலின் கடமை என்று ஆசிரியர் கருதியிருந்தால், ஞானாம்பாளை எந்த நாற்காலியில் அமர வைத்திருக்க முடியும்? அன்று உள்ளபடி இருந்த உலகில் அவளுக்கு நாற்காலியே கிடையாது. நடப்பியல் அடைத்துவைத்திருந்த கதவைத் திறக்கும் சாவி ராஜா ராணிக் கதையிடம் இருந்தது. தமிழ் வழக்கும் கட்சிக்காரரும் உள்ள நீதிமன்றத்தில் வக்கீல்கள் ஆங்கிலத்தில் வாதாடுவதை அவர் கடிந்து எழுதிய பகுதிகளும் இந்த நாவலுக்குள்ளேதான் இருக்கின்றன. ஆங்கில அரசின் கீழ் ஊழியம் பார்த்த ஒருவர் அதைச் சொல்வதற்குச் சிரிப்பும் கற்பனை நாடும் இடம் கொடுத்தன. கட்டுக்கோப்பின்மை என்று பின்னாளில் பெயரிடப்பட்டது அந்நூலின் துணிவு குடியிருந்த வீடு.

இதே தமிழ்த் திறனாய்வு சிறுகதைக்கு வேறோர் அளவுகோலை வைத்திருக்கிறது. புதுமைப்பித்தன் கடவுளைச் சென்னை வீதியில் இறக்கி கந்தசாமிப் பிள்ளையோடு காப்பி குடிக்க வைத்தபோதும், அகலிகையின் கதையைத் தொடர்ந்து சென்று ‘சாப விமோசனம்’ எழுதியபோதும், அவற்றை எவரும் குழந்தைத்தனம் என்று தள்ளவில்லை. தமிழ்ச் சிறுகதையின் சிகரங்கள் என்றே கொண்டாடினர், அது முற்றிலும் சரி. பத்துப் பதினைந்து பக்கங்களில் தகுதியாக இருக்கும் ஒரு முறை, இருநூறு பக்கங்களுக்கு நீண்டவுடன் தகுதியிழப்பதற்குக் காரணம் சொல்லப்பட்டதே இல்லை.

தேவதைக் கதை குழந்தைகளுக்கு உரியது என்ற இரண்டாவது குற்றச்சாட்டு, அக்கதைகள் ஏட்டில் ஏறிய வரலாற்றை அறியாமல் எழுந்தது. சிண்டரெல்லா என்ற பெயரில் இன்று உலகறிந்த கதை, ஒன்பதாம் நூற்றாண்டுச் சீனத்தில் துவான் செங்ஷி என்பவர் தொகுத்த நூலில் யெ சியன் என்ற பெண்ணின் கதையாகவும், மலாய் மக்களிடையே பாவாங் பூத்தே, பாவாங் மேரா என்ற இரு சகோதரிகளின் கதையாகவும், ஏ. கே. ராமானுஜன் எடுத்து ஆராய்ந்த கன்னட நாட்டுப்புறக் கதையில் மண் முகமூடி அணிந்த ஹஞ்சியின் கதையாகவும் வழங்குகிறது. ஐரோப்பாவில் அதற்கு இன்று நாம் அறியும் உருவைக் கொடுத்தவர் பிரெஞ்சு அரசவையோடு நெருங்கிய தொடர்புடைய சார்ல் பெரோ. அவருடைய தொகுப்பு 1697-இல் வெளிவந்தது. ‘தேவதைக் கதை’ என்ற தொடருக்கே வழிவகுத்த மதாம் தொல்னுவாவின் தொகுப்பும் அதே ஆண்டில் வெளிவரத் தொடங்கியது. இவர்கள் எழுதியது பாரிசு நகரத்து விருந்தறைகளில் கூடிய, படித்த, வயது வந்த மக்களுக்காக. அக்காலத்து உடையும் அலங்காரமும் அரண்மனைப் பேச்சும் அக்கதைகளில் புகுத்தப்பட்டன. பெரோ தம் சிண்டரெல்லாக் கதையின் முடிவில் ஒன்றுக்கு இரண்டாக நீதி சொல்கிறார். அவற்றுள் இரண்டாவது, எவ்வளவு திறமை இருந்தாலும் கைதூக்கிவிடப் பெரிய இடத்து ஞானத்தாயோ ஞானத்தந்தையோ இல்லாவிட்டால் பயனில்லை என்ற பொருளுடையது. அது குழந்தைக்குச் சொல்லும் அறிவுரை அன்று. அரசவையில் பதவி தேடிக் களைத்த மனிதருக்குச் சொல்லப்பட்டது. பழைய கதையைப் புதிய காலத்தின் உடையில், சிரித்த முகத்தோடு, வயது வந்தவர்களுக்காகச் சொல்வதை இக்காலத்து மலினம் என்று பழிப்பவர்கள் எந்த மூலத்தின் தூய்மையைக் காக்க விரும்புகிறார்களோ, அந்த மூலமே அவ்வாறு பிறந்ததுதான்.

அவ்வழி வந்த இக்கால நாவல் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அமெரிக்க எழுத்தாளர் கெயில் கார்சன் லெவின் 1997-இல் எழுதிய ‘எல்லா என்சான்டட்’ சிண்டரெல்லாக் கதையைத் தழுவியது, இளையோருக்காக எழுதப்பட்டது, பூதங்களும் தேவதைகளும் நகைச்சுவையும் நிரம்பியது. பழைய கதையை வாசிக்கும் எவருக்கும் எழும் ஒரு கேள்வி, அந்தப் பெண் ஏன் சிற்றன்னை சொன்ன எல்லாவற்றையும் வாய் திறவாமல் செய்தாள் என்பது. லெவின் அதற்கு விடையாக ஒரே ஒரு மாற்றத்தைச் செய்தார். பிறந்த அன்று ஒரு தேவதை குழந்தை எல்லாவுக்குக் கீழ்ப்படிதல் என்ற வரத்தைக் கொடுத்துவிடுகிறாள். அதனால் யார் எதைக் கட்டளையிட்டாலும் அவள் செய்தே தீரவேண்டியதாகிறது. பெண்ணுக்கு அணிகலன் என்று பல நாட்டு நீதிநூல்களும் புகழ்ந்த குணம் இங்கே சாபமாக மாறுகிறது. தான் காதலிக்கும் இளவரசனை மணந்துகொள்ளுமாறு கட்டளை வரும்போது, அதற்குப் பணிந்தால் தன் பணிவே அவன் உயிருக்குக் கேடாகும் என்று அறிந்து, அவள் தன் முழு வலிமையையும் திரட்டி மறுக்கிறாள். அந்த மறுப்பில் சாபம் உடைகிறது. அடக்கத்தைப் பற்றி எழுதப்பட்ட எத்தனையோ கனமான கட்டுரைகள் ஒரு பதின்மூன்று வயதுப் பெண்ணிடம் சேர்க்க முடியாத கருத்து அது. ஞானாம்பாளின் கழுத்தில் விழுந்த மாலையும் எல்லாவின் மறுப்பும் ஒரே முறையில் பிறந்தவை. கதை முன்பே தெரிந்திருப்பதால், அடுத்து என்ன நடக்கும் என்ற பரபரப்பிலிருந்து வாசகர் விடுபடுகிறார். விடுபட்ட கவனம் முழுவதும் மாற்றப்பட்ட இடத்தில் போய் நிற்கிறது. முற்றிலும் புதிதாகக் கற்பிக்கப்பட்ட கதைக்கு இந்த வசதி கிடையாது.

இனி மூன்றாவதும் கனமானதுமான குற்றச்சாட்டு: மலேசியத் தமிழ் எழுத்துக்கு இந்த இலகு தகாது என்பது. இதைச் சொல்வோரின் உணர்வு மதிக்கத்தக்கது. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயி’லும் அ. ரெங்கசாமியின் நாவல்களும் எழுதப்பட்டிராவிட்டால் ஒரு தலைமுறையின் துன்பம் பதிவின்றிப் போயிருக்கும். அத்தகைய நூல்கள் இன்னும் வரவேண்டும். ஆனால் துன்பத்தை எழுதுவது கடமை என்பதிலிருந்து, அதை ஒரே குரலில்தான் எழுதவேண்டும் என்ற முடிவு எப்படிப் பிறக்கிறது? பயிற்சியற்ற கையில் ராஜா ராணிக் கதை வெறும் அலங்காரமாகப் போவது உண்மைதான்; அதே பயிற்சியற்ற கையில் தோட்டத்து வறுமையும் தேய்ந்த சொற்களின் வரிசையாகப் போயிருக்கிறது. பழி வடிவத்தைச் சார்ந்தது அன்று.

தவிரவும், இந்த மண்ணின் மிகப் பெரிய நூலே இக்குற்றச்சாட்டுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. மலாய் மன்னர்களின் மரபைக் கூறும் ‘செஜாரா மெலாயு’ என்ற நூல், 1612-இல் ஜொகூர் அரசின் பண்டஹாராவாக, அதாவது மன்னருக்கு அடுத்த நிலையிலிருந்த பெரிய அமைச்சராக விளங்கிய துன் ஸ்ரீ லானாங்கின் பொறுப்பில் உருப்பெற்றது. 2001-இல் யுனெஸ்கோ உலக நினைவேட்டில் இடம்பெற்றது. மலாக்கா போர்த்துக்கீசியரிடம் வீழ்ந்து நூறாண்டு கழிந்த பின், ஓர் அரச மரபின் பெருமையையும் வீழ்ச்சியையும் எழுதிவைப்பதற்காக எழுந்த நூல் அது. அதைவிடப் பொறுப்பான பணி இருந்திருக்க முடியாது. அந்நூல் தொடக்கத்திலேயே ஒரு வேடிக்கைக் கதையைச் சொல்கிறது. இந்தியாவிலிருந்து பெரும்படையோடு வந்த ராஜா சூரன் என்ற மன்னன், ஜொகூர் ஆற்றின் மேற்பகுதியிலிருந்த கருங்கல் கோட்டையை வென்று, இன்றைய சிங்கப்பூரான தெமாசெக் வரை வந்து, சீனத்தின்மேல் படையெடுக்க எண்ணுகிறான். சோழன் இராசேந்திரனின் 1025-ஆம் ஆண்டுக் கடற்படையெடுப்பு மக்கள் நினைவில் தேய்ந்து இக்கதையாயிற்று என்று ஆய்வாளர் பலர் கருதுவர். செய்தி அறிந்த சீன மன்னன் ஒரு பழங்கப்பலில் துருப்பிடித்த மெல்லிய ஊசிகளை நிரப்பி, காய்த்துக் குலுங்கும் மரங்களை அதில் நட்டு, பல் விழுந்த கிழவர்களை மாலுமிகளாக்கி அனுப்புகிறான். சீனம் எவ்வளவு தூரம் என்று கேட்டபோது கிழவர்கள், தாங்கள் புறப்பட்டபோது சிறுவர்களாக இருந்ததாகவும், இந்த மரங்கள் அன்று விதைகளாக இருந்ததாகவும், இந்த ஊசிகள் அன்று கைப்பருமனுள்ள இரும்புக் கம்பிகளாக இருந்ததாகவும் சொல்கிறார்கள். ராஜா சூரன் அதை நம்பிப் படையைத் திருப்பிக்கொள்கிறான். பின்னர் கண்ணாடிப் பேழையில் அமர்ந்து கடலுக்குள் இறங்கி, அங்குள்ள அரசனின் மகளை மணந்து, பறக்கும் குதிரையில் ஏறிக் கரை சேர்கிறான். மலாக்கா மன்னர்களின் குலமுறையே அந்தத் திருமணத்திலிருந்து இறங்கிவருகிறது. ஓர் அரசவையின் பெரிய அமைச்சர் தம் மன்னர்களின் மூலத்தைச் சொல்லும் இடத்தில் சிரிப்புக்கு இடமளிப்பதை இழிவாகக் கருதவில்லை. அந்தச் சிரிப்பின் நடுவில் நிற்பவன் கடல் கடந்துவந்த தென்னகத்து மன்னன் என்று பலர் கொள்ளும்போது, பறக்கும் குதிரை நமக்கு அந்நியம் என்று ஜொகூர்த் தமிழர் எவரும் சொல்ல இயலாது.

தமிழுக்கும் மலாய்க்கும் இடையிலான இந்தக் கதைக் கொடுக்கல்வாங்கல் அத்தோடு நிற்கவுமில்லை. மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லா 1835-இல் பஞ்சதந்திரத்தைத் தமிழிலிருந்தே மலாய்க்கு மொழிபெயர்த்தார். சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸ் 1956-இல் எடுத்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ வந்த ஐந்தே ஆண்டுகளில், சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸ் படப்பிடிப்பகத்தில் பி. ரம்லி அதே அரபுக் கதையை ‘அலி பாபா பூஜாங் லாப்போக்’ என்ற மலாய் நகைச்சுவைப் படமாக எடுத்தார். அந்தக் கதைக்குள் தம் காலத்து நகர மனிதரின் பேச்சையும் பேராசையையும் வேண்டுமென்றே கலந்தார். ரம்லியை ‘பக்தி’ என்ற படத்தில் முதன்முதலாகக் கதாநாயகனாக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த இயக்குநர் எல். கிருஷ்ணன். மலாய் மக்கள் ரம்லியின் இலகுவான படங்களைத் தங்கள் கலையின் ஓரத்தில் வைக்கவில்லை.

ஜொகூரின் பொந்தியான் இந்தக் கலப்புக்கு ஏற்ற நிலம். மலாக்கா நீரிணையைப் பார்த்து நிற்கும் சிறிய நகரம். சதுப்பு நிலத்தை வடித்து வெட்டப்பட்ட பாரிட் என்னும் வாய்க்கால்களின் பெயராலேயே அறியப்படும் குடியிருப்புகள். பூகிஸ் மக்களும் ஜாவா மக்களும் தங்கள் கதைகளோடு வந்து குடியேறிய கரை. அன்னாசித் தோட்டங்களின் பெயரையே தாங்கி நிற்கும் பெக்கான் நானாஸ். நீரின்மேல் கால் ஊன்றிய வீடுகளில் சீன மீனவர் வாழும் குக்குப். ஆசியப் பெருநிலம் முடியும் முனையான தஞ்சோங் பியாய். எண்ணிக்கையில் சிறியதான தமிழ்க் குடும்பங்கள் இவற்றுக்கிடையே வாழ்கின்றன. தனித்த தமிழ்ச் சூழலில் வாழும் எழுத்தாளருக்குக் கிடைக்காத ஒன்று இங்குள்ளவருக்குக் கிடைக்கிறது: அண்டை வீட்டாரும் அறிந்த கதை. அத்தகைய கதையை எடுத்து எழுதும் தமிழ் நாவல், இன எல்லையைக் கடந்து புரிந்துகொள்ளப்படும் வாய்ப்போடு பிறக்கிறது.

ஜொகூரின் வடக்கில் 1,276 மீட்டர் உயர்ந்து நிற்கும் லேடாங் மலையின் இளவரசி கதை இதற்குப் போதும். அதுவும் ‘செஜாரா மெலாயு’வில் உள்ளதே. மலாக்கா சுல்தான் மஹ்முத் அந்த மாய இளவரசியை மணக்க விரும்பித் தூதனுப்புகிறார். மலையுச்சியிலிருந்து ஒரு கிழவியின் வாயிலாக நிபந்தனைகள் வருகின்றன: மலாக்காவிலிருந்து மலைவரை பொன்னால் ஒரு பாலம், வெள்ளியால் ஒரு பாலம், ஏழு தட்டு நிறையக் கொசுவின் இதயம், ஏழு தட்டு நிறையக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரின் இதயம், ஒரு மிடா கண்ணீர், ஒரு மிடா இளம்பாக்குச் சாறு, கடைசியாக மன்னரின் இரத்தத்தில் ஒரு கிண்ணமும் இளவரசனின் இரத்தத்தில் ஒரு கிண்ணமும். முடியாது என்ற சொல்லைப் பட்டியலாக எழுதியிருக்கிறார்கள். மன்னர் மற்றவை அனைத்தையும் தந்துவிடலாம் என்கிறார், இரத்தத்தில்தான் நின்றுபோகிறார்.

இந்தப் பட்டியலைத் திருப்பிப் போட்டு எழுதப்படும் ஒரு தமிழ் நாவலைக் கற்பனை செய்துபார்க்கலாம். நிபந்தனை விதிப்பவள் இளவரசி அல்லள், ஓர் அலுவலகத்தின் சாளரம். நிபந்தனைக்கு உட்படுபவர் சுல்தான் அல்லர், இந்நாட்டிலேயே பிறந்தும் சிவப்பு அடையாள அட்டையோடு, அதாவது குடியுரிமை இல்லாத நிரந்தரவாசியாகவே, எழுபது வயதைத் தாண்டிவிட்ட ஒரு தமிழ்ப் பாட்டி. பேரப்பிள்ளைகளுக்கு லேடாங் இளவரசியின் கதையைச் சொல்லி வளர்த்தவள் அவள். பிறப்புச் சான்றிதழ் கேட்கிறார்கள். அவள் பிறந்த தோட்டம் செம்பனைக் காடாகி, மருத்துவச்சியின் வீடு இருந்த இடத்தில் வாய்க்கால் ஓடுகிறது. சாட்சி கேட்கிறார்கள், அவள் பிறந்ததைப் பார்த்தவர்கள் எல்லாரும் இடுகாட்டில் இருக்கிறார்கள். பாட்டி கோபப்படுவதில்லை. பேரனிடம் ஏழு தட்டுகளை எடுத்துவரச் சொல்கிறாள். வீட்டுக்குப் பின்னால் உள்ள பாரிட்டில் கொசுவுக்குப் பஞ்சமில்லை என்கிறாள். இந்த இடத்தில் சிரிக்காத வாசகர் இருக்கமாட்டார், மலாய்க்காரரானாலும் சீனரானாலும். கதையின் அடுத்த அடி என்ன என்பதையும் அவர்கள் எல்லாரும் அறிவார்கள். ஆகவே தட்டுகள் ஒவ்வொன்றாக நிரம்ப நிரம்ப, கண்ணீர் மிடாவும் நிரம்பிய பிறகு, பட்டியலில் மீதியிருப்பது எது என்பதை ஆசிரியர் சொல்வதற்கு முன்பே அவர்கள் எண்ணத் தொடங்கியிருப்பார்கள்.